கோமாவில் இருப்பவரின் கால்ஷீட்

என் கணவர் எட்டு மாதமாகக் கோமாவில் இருக்கிறார். காலையில் கம்பெனி வண்டி வரும். குளித்துச் சாப்பிட்டு, பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்ப் படுத்துவிடுவார். சாயங்காலம் எழுந்து, வரும் வழியில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

பதறாதீர்கள். எல்லாம் டிவி தொடரில்தான். அதில் அவர் ஒரு பெரிய குடும்பத்தின் தலைவர். பெயரே கிடையாது, எல்லாருக்கும் 'பெரியவர்'. இரண்டு மகன்கள், ஒரு மகள், ஒரு துரோகித் தம்பி, தூங்கும்போதுகூட நகையைக் கழற்றாத இரண்டு மருமகள்கள்.

இந்தக் கோமா எப்படி வந்தது என்று கேளுங்கள், சிரிப்பீர்கள். அவருக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் முடிந்ததும் இரண்டு வாரம் பெரிய விளக்கு வெளிச்சம் கண்ணில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் நல்ல பிள்ளையாகப் போய் லீவு கேட்டார். அந்தத் தொழிலில் லீவு என்று ஒன்று கிடையாது. நடிகருக்கு ஏதாவது வேண்டுமென்றால் பாத்திரத்துக்கு ஏதாவது ஆகும். பிரசவத்துக்குப் போன நடிகை வெளிநாட்டில் மேல்படிப்பு படிப்பாள். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டவர் மாடிப்படியில் உருளுவார். இவர் கண்ணுக்கு ஓய்வு கேட்டார். கதை எழுதும் பையன் இவருடைய காரை ஒரு மரத்தில் கொண்டுபோய் மோதினான்.

"கண்ணை மூடிட்டுத்தானே இருக்கணும்? இங்கேயே வந்து மூடிக்குங்க சார். சம்பளமும் போகாது" என்று சொன்னார்களாம்.

"எவ்வளவு நல்ல மனசு பாரு அவங்களுக்கு!" என்று வீட்டுக்கு வந்து உருகினார் இவர்.

இரண்டு வாரம் எட்டு மாதமாகிவிட்டது. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றே தலை நரைத்தவள். கோமா என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இவருடைய கோமாவில் மீசைக்கு வாராவாரம் மை போடுகிறார்கள். முகம் தெரிய வேண்டுமாம், அதனால் ஆக்சிஜன் மாஸ்க்கைத் தாடையில் மாட்டியிருக்கிறார்கள். தாடை வழியாக மூச்சு விட்டு உயிர்வாழும் ஒரே மனிதர் உலகத்திலேயே என் வீட்டுக்காரர்தான்.

இப்போது நான் இருக்கும் பொது வார்டில் சாயங்காலமானால் அந்தத் தொடர்தான் ஓடும். என்னால் ஊசி போடக்கூட முடியாது. "சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் எப்ப கண் முழிப்பார்?" என்று பேஷன்ட்டும் கேட்பார், பேஷன்ட்டுக்குத் துணைக்கு இருப்பவரும் கேட்பார். "காலையில முழிச்சு ரெண்டு தோசையும் நாலு திட்டும் வாங்கிட்டுத்தான் போனார்" என்பேன். நம்ப மாட்டார்கள்.

அவர் நடிக்க வந்து முப்பது வருஷமாகிறது. டாக்டராக அறையிலிருந்து வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றி, "எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்" என்று எத்தனையோ பேரைச் சாகடித்திருக்கிறார். சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு இன்ஸ்பெக்டராக ஓடிவந்திருக்கிறார். நீதிபதியாக உட்கார்ந்து மேஜையைத் தட்டியிருக்கிறார். பேசிய வசனம் அத்தனையும் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. ஆனால் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை, ஒருத்தரையும் பகைத்துக்கொண்டதில்லை. அதனால்தான் இவ்வளவு காலம் நிலைத்தேன் என்று அவர் சொல்வார். நீங்கள் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை, அதனால்தான் துரத்தவில்லை என்று நான் சொல்வேன்.

என் தம்பி இருக்கிறானே, அவனுக்கு வாய் அதிகம். வரும்போதெல்லாம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "மாமா மாதிரி அதிர்ஷ்டம் யாருக்குக்கா வரும்? படுத்துக்கிட்டே சம்பாதிக்கிறாரு" என்பான். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் புருஷனை நான் என்ன வேண்டுமானாலும் சொல்வேன். இவன் யார் சொல்வதற்கு?

அந்தச் சமயத்தில்தான் சினிமா வாய்ப்பு வந்தது. சின்ன வயது இயக்குநர், முதல் படம். அதில் ஒரு ஏலக்காரர். படம் முழுக்க வருகிறார், வந்த இடத்திலெல்லாம் பேசுகிறார். மூச்சு விடாமல் பேசுகிறார். அந்த வேஷத்துக்கு இவர்தான் வேண்டுமென்று அந்தப் பிள்ளை வீடு தேடி வந்து கேட்டது. இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றிலிருந்து வீட்டில் ஒரு சாமான் பாக்கியில்லை, எல்லாம் ஏலத்துக்குப் போனது.

"குக்கர்! நல்ல கனமான குக்கர்! ஒரு தரம்! ரெண்டு தரம்!"

"மூடி ஒழுகும், அதையும் சொல்லி வித்துடுங்க."

"அம்மா மூடி ஒழுகும்னு சொல்றாங்க, நேர்மையான வீடு! ரெண்டு தரம்! கேக்கறவங்க கேளுங்க!"

கழுத்து நரம்பு புடைக்க நின்று கத்தும் அவரை வாசலில் நின்றுகொண்டே பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. என்ன ஆனாலும் சரி, இந்தக் குரல் தியேட்டரில் ஒலிக்க வேண்டும், என் தம்பி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாயில் ஈ போவது தெரியாமல் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆனால் படப்பிடிப்பு வெளியூரில், ஒரே மூச்சாக ஒன்றரை மாதம். தொடர்க்காரர்களோ பெரியவர் கதையில் உயிரோடு இருக்கும்வரை அவருடைய கால்ஷீட் தங்களுக்குத்தான் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். ஒன்று இவர் செத்தாக வேண்டும், இல்லையென்றால் ஏலம் வேறு யாருக்காவது போய்விடும். சினிமா மேனேஜர் நல்ல மனிதர். மாதக் கடைசிவரை காத்திருக்கிறேன் என்றார்.

"போய்க் கேளுங்களேன்" என்றேன்.

"எப்படிம்மா கேக்கறது? எட்டு மாசமா சோறு போட்டவங்க."

"சோறு நான் போட்டேன். அவங்க தலையில கட்டுதான் போட்டாங்க."

அவர் கேட்கமாட்டார் என்று தெரிந்துவிட்டது. நானே கிளம்பினேன்.

கதை எழுதும் பையனை ஒரு காப்பிக் கடையில் பிடித்தேன். தூங்கிப் பல நாளான முகம். எங்கள் வார்டில் அட்மிட் ஆகியிருந்தால் உடனே டிரிப் ஏற்றியிருப்பேன். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தேன்.

"தம்பி, என் புருஷனைக் கொன்னுடுங்க."

பக்கத்து மேஜையில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவின் ஸ்பூன் பாதியில் நின்றது.

"அக்கா, அவ்வளவு சுலபமில்லக்கா" என்றான் பையன்.

"ஏன் சுலபமில்ல? ராத்திரி படுத்தவர் காலையில எழுந்திருக்கலன்னு முடிச்சிடுங்க. இல்லன்னா நானே வழி சொல்றேன். நான் நர்ஸ். ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போச்சுன்னா ஒரு நிமிஷம் ஆகாது. யாரும் சந்தேகப்படமாட்டாங்க."

அந்த அம்மா கேக்கைத் தட்டோடு எடுத்துக்கொண்டு தூரமாகப் போய் உட்கார்ந்தார். போனை வேறு கையில் எடுத்தார். போலீசுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பையன் தன் கஷ்டத்தைச் சொன்னான். பெரியவர் படுத்த நாளிலிருந்துதான் தொடர் பிய்த்துக்கொண்டு ஓடுகிறதாம். அவருக்குக் காது கேட்காது என்ற தைரியத்தில் ஒவ்வொருவராகக் கட்டிலருகே வந்து உண்மையைக் கொட்டுகிறார்கள். பெரிய மகன் கடையை ரகசியமாக விற்றதைச் சொல்லி அழுதான். மருமகள் உயிலை மாற்றியதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிரேக்கைக் கழற்றியது நான்தான் என்று துரோகித் தம்பி காதோடு சொன்னான்.

"அவர் முழிச்சா எல்லாம் வெளிய வந்து கதை முடிஞ்சிடும். செத்தா யார்கிட்ட வந்து பேசுவாங்க? அதான்க்கா படுத்தே இருக்கட்டும்னு வெச்சிருக்கேன்."

"என் புருஷன் என்ன உங்க குடும்பத்துக் குப்பைத் தொட்டியா?" என்று ஆரம்பித்தவள், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். முப்பது வருஷத்தைச் சொன்னேன். ஏலத்தைச் சொன்னேன். குக்கரைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதில் நடிப்பு எதுவும் இல்லை. பையன் தலையைப் பிடித்துக்கொண்டான். கடைசியில், மாதக் கடைசியில் ஒரு பெரிய சாவு இருந்தால் சேனலுக்கும் சந்தோஷம்தான் என்று அவனே ஒரு சமாதானம் கண்டுபிடித்தான்.

"சரிக்கா. வெள்ளிக்கிழமை செத்துடுவார்."

"நீ நல்லா இருக்கணும் தம்பி" என்று வாழ்த்திவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். எதற்கு என்று மேட்ரன் கேட்டார். "வீட்டுக்காரர் சாகறார் மேடம், பக்கத்துல இருக்கணும்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரத்தக்கட்டியா?" என்று கேட்டார். கதை அதற்குள் வார்டுவரை கசிந்திருந்தது.

நான் அந்த இடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. பெரிய கொட்டகை. அதற்குள் மூன்று சுவர் மட்டும் உள்ள ஒரு படுக்கையறை. நடுவில் கட்டில், கட்டிலில் என் ஆள். தலையில் கட்டுப் போடவே ஒரு மணி நேரம் ஆகுமாம், அதனால் காலையில் படுத்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். விளக்கை மாற்றும்போது மற்றவர்கள் எல்லாம் வெளியே போய்விட, இவர் மட்டும் அப்படியே கிடப்பார்.

கிடப்பவரைச் சும்மா விட்டார்களா? அங்கேதான் வேடிக்கை. கேமரா ஓடாத நேரத்திலும் ஒவ்வொருவராக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். துரோகித் தம்பி, மகனுக்குக் கணக்கு வரவில்லை என்று புலம்பினார். நகை மருமகள், முட்டி வலியைச் சொன்னாள். மேக்கப்காரர் பவுடர் ஒற்றிக்கொண்டே மாமியாரைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். இவர் கண்ணை மூடிக்கொண்டு, "ம்" "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் நான் பேசினால் மட்டும் இந்தக் காது எங்கே போகிறது என்று எனக்கு வயிறு எரிந்தது.

மகளாக நடிக்கும் பெண் வந்தாள். அவளுக்கு அங்கே 'கிளிசரின்' என்று பெயர். மருந்து போடாமல் கண்ணீர் வராதாம். நடிக்க வந்ததிலிருந்து அவளுடைய சொந்த அப்பா அவளோடு பேசுவதில்லை என்று இவர் ஒரு தடவை சொல்லியிருந்தார். அவள் எதுவும் புலம்பவில்லை. இவர் போர்வையைச் சரியாக இழுத்துவிட்டுப் போனாள்.

காட்சி ஆரம்பமானது. டாக்டர் வேஷக்காரர் கண்ணாடியைக் கழற்றி, எங்களால் முடிந்ததைச் செய்தோம் என்றார். மானிட்டரில் கோடு நேராகப் போனது. மகள் ஓடிவந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு பக்க வசனம். இரண்டு வரிதான் சொன்னாள். அப்புறம் வசனத்தையே காணோம்.

"அப்பா" என்றாள். "அப்பா, ஒரு தடவை பேசுங்கப்பா. திட்டறதா இருந்தாலும் பரவால்ல. பேசுங்கப்பா."

"என்னம்மா?" என்று பிணம் கண்ணைத் திறந்தது.

இயக்குநர் கட் சொல்ல மறந்துவிட்டார். எனக்கு மேலே மாட்டியிருந்த விளக்கெல்லாம் தலையில் விழுந்த மாதிரி இருந்தது. இப்படியும் ஒரு மனுஷனா? ஊர் உலகத்தில் சாகத் தெரியாத பிணத்தை எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா?

"ஸாரி சார், ஸாரி. ஒன் மோர்" என்றார் இவர்.

இரண்டாவது தடவை கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் அவள் "அப்பா" என்றதும் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. மூன்றாவது தடவை 'அப்பா' என்ற வார்த்தையையே சொல்லக்கூடாது என்று அவளிடம் சொல்லிவைத்தார்கள். அவள் வெறுமனே கையைப் பிடித்தாள். பிணம் கையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, நீங்க நர்ஸ்தானே?" என்று கதைப்பையன் என்னிடம் ஓடிவந்தான். "கொஞ்சம் சாகச் சொல்லிக்குடுங்கக்கா. கெஞ்சிக் கேக்கறேன்."

எல்லாரும் பார்க்க நான் அந்த மூன்று சுவர் அறைக்குள் போனேன். கட்டிலருகே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு காதோடு சொன்னேன்.

"என்னங்க, விளையாடறீங்களா? ஊரெல்லாம் போய்க் கெஞ்சி உங்களுக்குச் சாவு வாங்கிட்டு வந்திருக்கேன். மேனேஜர் போனை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். ஒரே ஒரு நிமிஷம் ஒழுங்கா செத்துட்டு வாங்க, நாளைக்கு ஏலத்துக்குப் போகலாம்."

"முயற்சி பண்றேம்மா. முடியல."

"ஏன் முடியல?"

அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார். "முப்பது வருஷமா எதிர்ல நிக்கறவங்க என்னைப் பார்த்துப் பேசினதே இல்லம்மா. கேமரா எங்கேன்னு பார்த்துப் பேசிட்டுப் போயிடுவாங்க. நான் சொல்ற ஒரு வரி முடியறதுக்குள்ள அடுத்த ஷாட்டுக்குக் கிளம்பிடுவாங்க. இந்தப் பொண்ணு என்கிட்டதான் பேசறா. எனக்குக் கேக்குது. கேட்டுட்டு எப்படிம்மா சும்மா கிடக்கறது?"

நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண் கட்டிலின் அந்தப் பக்கம் முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். மூக்கு சிவந்து, முகமெல்லாம் ஈரம். மேக்கப்காரர் கிளிசரின் பாட்டிலை மூடிகூடத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துரோகித் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ கட்டிலருகே நின்றிருக்கிறேன், எத்தனையோ பேர் இப்படிக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். ஒருத்தர்கூட "என்னம்மா?" என்று கேட்டதில்லை. கேட்டுவிட மாட்டார்களா என்று நானும் கூட நின்று ஏங்கியிருக்கிறேன்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒன்றரை மாத ஏலம், பெரிய திரை, என் தம்பியின் திறந்த வாய் எல்லாம் என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. இன்னும் பத்துத் தடவை எடுத்தால் ஏதோ ஒரு தடவை இந்த மனுஷன் செத்துத் தொலைத்துவிடுவார். எனக்காகவாவது பல்லைக் கடித்துக்கொண்டு செத்துவிடுவார், அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லாமல் அப்படிச் செத்த பிறகு, எந்தக் குரலில் அவர் ஏலம் விடுவார்?

நான் இயக்குநர் பக்கம் திரும்பினேன்.

"சார், இவர் சாகமாட்டார். சர்வீஸ்ல எவ்வளவோ பார்த்தவ சொல்றேன். பேஷன்ட் பொழைச்சிட்டார்."

"ஐயோ அக்கா!" என்றான் கதைப்பையன். "நீங்கதானே கொல்லச் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் சொல்றேன். முதல்ல எடுத்தீங்களே, அதையே போடுங்க."

அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். பிறகு மெதுவாக நிமிர்ந்து துரோகித் தம்பியைப் பார்த்தான், மருமகளைப் பார்த்தான். "எட்டு மாசம்..." என்று முணுமுணுத்தான். "எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கு. ஒண்ணுவிடாம கேட்டிருக்கு!" அவன் முகத்தில் ரத்தம் ஊறுவதை நானே பார்த்தேன். எழுந்து பேப்பரைத் தேடி ஓடினான். முதலில் எடுத்ததைச் சேனலுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது, அதைப் பார்த்துவிட்டு சேனலின் மேலதிகாரி அம்மா அழுதுவிட்டாராம், இனி பெரியவர் தினம் வர வேண்டுமாம், தினம் பேச வேண்டுமாம், ஒரு வருஷத்துக்குக் குறையாமல்.

தலைக்கட்டை அவிழ்த்துவிட்டு இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கப் பயந்து, காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கோபமா?" என்றார்.

"பின்ன இல்லாம? வீட்டுக்கு வாங்க, வெச்சுக்கறேன்" என்றேன். அதற்குமேல் திட்ட வரவில்லை.

என் கைப்பையில் போன் அடித்தது. சினிமா மேனேஜர். நான் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு எடுத்தேன்.

"மேடம், காலையிலேர்ந்து உங்க போனுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். என்ன ஆச்சு? பெரியவர் போயிட்டாரா?"

"இல்லீங்க" என்றேன். "பொழைச்சிட்டார்."

அந்தப் பக்கத்திலிருந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்" என்றார் அவர். "வீட்டுல எல்லாரும் தைரியமா இருங்க."

சுவர் ஓரமாக எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் கட்டிலில் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பரவால்லீங்க" என்றேன். "நல்லா இருக்கார்."